‘பத்து சதவீதம் குறைங்க’: புல்வெளிப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எந்த வழி தாங்கும்?

சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. வளாகங்களிலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் போடப்படுகிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் ஜனவரி, பிப்ரவரியிலேயே பர்ச்சேஸ் பிரிவிலிருந்து போன் வந்துவிடும்: “ரினிவல் பண்ணிடலாம், ஆனா ரேட்டைக் கொஞ்சம் பாருங்க.” அந்தக் ‘கொஞ்சம்’ வழக்கமாகப் பத்து சதவீதத்தில் தொடங்கும்.

ஒப்பந்தக்காரர் முன்னால் அப்போது சில வழிகள்தான் இருக்கின்றன. ரேட்டில் உறுதியாக நிற்கலாம். கேட்டபடியே குறைக்கலாம். வேலையைக் குறைத்து அதற்கேற்ப ரேட்டைக் குறைக்கலாம். பணம் வரும் தேதி, ஒப்பந்தக் காலம் போன்ற நிபந்தனைகளை மாற்றி வாங்கிக்கொண்டு குறைக்கலாம். தோட்டத்தின் அமைப்பையே மாற்றிச் செலவைக் குறைக்கலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் விலகலாம். எது எப்போது சரி என்பது பேச்சுத் திறமையைப் பொறுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆட்களின் நேரம் எங்கே செலவாகிறது என்ற கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கு கையில் இருந்தால் எந்தக் கோரிக்கைக்கும் நேர்மையாகப் பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் பேச்சு பாதியிலேயே “சரி சார், ஏழரை போட்டுக்கலாம்” என்று முடிந்துவிடும்.

முதலில் செலவுக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு வளாகம். மொத்தத் தோட்டம் நான்கு ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர் மெக்சிகன் புல். மீதி வேலிச் செடி, புதர், மரங்கள், உள்ளும் வெளியுமாக 300 தொட்டிகள். ஆறு ஆட்கள், ஒரு சூப்பர்வைசர். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் இடத்துக் கூலியைப் போட்டுப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

ஓர் ஆளுக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைப்போம். பி.எஃப்.பில் வேலையளிப்பவர் பங்கு, நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 13 சதவீதம்: 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்: 488. போனஸ் 8.33 சதவீதம்: 1,250. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம் ஒதுக்கினால் 721. விடுப்பு நாளில் மாற்று ஆளுக்கு 750. சீருடை, ஷூ, கையுறைக்கு 250. கூட்டினால் ஏறக்குறைய 20,400 ரூபாய். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி நேரம். ஒரு ஆள் மணிக்கு 98 ரூபாய் அடக்கம்.

மாதக் கணக்கு இப்படி வரும்:

ஆறு ஆட்கள்: 1,22,400
சூப்பர்வைசர்: 26,000
பெட்ரோல், பிளேடு, ஆயில், சர்வீஸ், இயந்திரத் தேய்மானம்: 14,000
உரம், மருந்து, மண்புழு உரம்: 12,000
வண்டி, தோட்டக் கழிவு அகற்றல்: 8,000
அலுவலகச் செலவு: 9,600
மொத்த அடக்கம்: 1,92,000
கொட்டேஷன்: 2,15,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி

கையில் நிற்பது 23,000 ரூபாய். கொட்டேஷன் தொகையில் 69 சதவீதம் ஆட்செலவு. அந்த 69 சதவீதத்தில் பெரும்பகுதியைச் சட்டமே நிர்ணயிக்கிறது. பேரம் பேசிக் குறைக்க அதில் இடமில்லை. எனவே வாடிக்கையாளர் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லும்போது அவர் 2,15,000-இல் பத்து சதவீதத்தைக் கேட்கிறார். அது போவதோ 23,000-இலிருந்து. 21,500 போனால் மிச்சம் 1,500. பதினைந்து சதவீதம் என்றால் மாதம் 9,250 ரூபாய் கைநஷ்டம்.

இன்னொரு கணக்கும் வேண்டும்: ஆறு பேரின் 1,248 ஆள் மணி எங்கே போகிறது? மேலே சொன்ன வளாகத்தில், ஒரு கோடை மாதத்தில், தோராயமாக இப்படி இருக்கும். தண்ணீர் விட 340. சருகு கூட்ட, அள்ள 260. களை எடுக்க 220. வேலி, புதர் கத்தரிக்க 160. தொட்டிகளுக்கு 110. உரம், மருந்துக்கு 40. புல் வெட்ட 45. சில்லறை வேலைகள் 73.

புல் வெட்டும் எண்ணைப் பாருங்கள். வாடிக்கையாளர் கண்ணுக்குப் புல்வெளிப் பராமரிப்பு என்றால் மெஷின் ஓடுவதுதான். அரை மீட்டர் அகல மெஷினைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தால் 1,500 சதுர மீட்டர். திரும்புவது, பை காலி செய்வது, பெட்ரோல் ஊற்றுவது கழித்தால் 1,000. இரண்டு ஏக்கர் என்பது 8,094 சதுர மீட்டர், ஆக 8 மணி நேரம். ஓரம் வெட்டுவது, வாருவது சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 14 ஆள் மணி. மாதம் மூன்று சுற்றுக்கு 42; மேலே தோராயமாக 45 என்று போட்டோம். “ரெண்டு தடவை வெட்டினா போதும், அதுக்குத் தகுந்த மாதிரி குறைங்க” என்று கேட்டால் நேர்மையான பதில்: 14 மணி, 1,372 ரூபாய். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் புல்லுக்கு அதனால் வரும் கேடு பெரியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கேட்பவர் யார்

இதைத் தெரிந்துகொள்ளாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அட்மின் மேலாளருக்குத் தோட்டம் மோசமானால் திட்டு விழும். அவர் தரத்தைப் பற்றிப் பேசத் தயாராக இருப்பார். பர்ச்சேஸ் பிரிவுக்கு ஆண்டுச் சேமிப்பு இலக்கு இருக்கும்; அவருக்கு மேலிடத்தில் காட்ட ஒரு எண் வேண்டும். இடையில் எஃப்.எம். நிறுவனம் (வளாகப் பராமரிப்பு முழுவதையும் எடுத்து நடத்தும் நிறுவனம்) இருந்தால், அவர்கள் வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே ஒரு ரேட்டை ஒத்துக்கொண்டுவிட்டு அதற்குள் உங்களை அடக்கப் பார்ப்பார்கள். குடியிருப்புச் சங்கத்தில் செயலாளர் நினைத்தாலும் தனியாக முடிவெடுக்க முடியாது, பொதுக்குழுவில் வைக்க ஒரு பக்கத் தாள் வேண்டும். ஜி.எஸ்.டி.யும் இங்கே வித்தியாசப்படும். பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். பல சங்கங்களுக்கு அந்த 18 சதவீதம் கைச்செலவு. ஆகவே சங்கத்திடம் வரியோடு சேர்ந்த தொகையைச் சொல்லிப் பேசுவதே முறை.

கேட்டபடியே குறைப்பது

எளிதான வழி. ஒப்பந்தம் கையை விட்டுப் போகாது, உறவும் கெடாது. ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

போன 21,500 ரூபாயை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். பெரும்பாலும் சொல்லாமல் ஒரு ஆளை எடுப்பார்கள். ஆறில் ஒருவர் போனதும் 208 மணி நேரம் குறையும். கூட்டுவதை நிறுத்த முடியாது, காலையில் வரும் எல்லோர் கண்ணிலும் படும். தண்ணீரையும் நிறுத்த முடியாது. ஆகவே முதலில் களையெடுப்பில் கைவைப்பார்கள். சென்னைப் புல்வெளியில் கோரைதான் முதல் எதிரி. அவசரத்தில் இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். களைக்கொத்தால் கிழங்கோடு தோண்ட நேரம் வேண்டும். அந்த நேரம்தான் இப்போது இல்லை. வடகிழக்குப் பருவமழைக்குள் கோரை திட்டுத் திட்டாகப் பரவிவிடும்.

அடுத்து வெட்டும் இடைவெளி நீளும். புல்லை ஒரு தடவையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. 30 மி.மீ. உயரத்தில் வைக்க வேண்டிய புல்லை 45 மி.மீ. ஆவதற்குள் வெட்டிவிட வேண்டும். இடைவெளி தவறி 70-க்குப் போனபின் 30-க்கு இறக்கினால் பச்சை இலை எல்லாம் போய் அடித் தண்டு தெரியும். மெக்சிகன் புல்லில் இது இன்னும் மோசம். வெட்டாமல் விட்டால் அது மேடு மேடாக எழும்பும், உள்ளே காய்ந்த பழுப்புத் தண்டு அடையும். பிறகு மெஷினை ஓட்டினால் மேட்டின் உச்சி மட்டும் மொட்டையாகி, தூரத்திலிருந்தே தெரியும் பழுப்பு வட்டங்கள் வரும். அந்த வட்டத்துக்குள் வெயில் படும், களை விதை முளைக்கும்.

மூன்றாவது மிச்சம் மெஷினில். ரோட்டரி பிளேடை 20 முதல் 25 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை பிடிக்க வேண்டும். மேலே சொன்ன வளாகத்தில் அது மாதம் ஒருமுறை. விட்டுவிட்டால் மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். மறுநாளே நுனி வெளுத்துப் புல்வெளி முழுதும் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். மழைக்காலத்தில் அந்தப் பிய்ந்த நுனி வழியாகப் பூஞ்சை எளிதாக நுழையும்.

இந்த மூன்றும் சேர்ந்து நான்கு, ஐந்து மாதத்தில் புகாராக வரும். புகார் பில்லில் பெனால்டியாக மாறும். அடுத்த ரினிவலில் “உங்க சர்வீஸ் சரியில்லை” என்ற பேச்சோடு மறுபடி குறைக்கக் கேட்பார்கள். வெறும் தள்ளுபடிக்கு நியாயம் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: உங்கள் பழைய ரேட்டிலேயே கொழுப்பு இருந்தால். உதாரணமாக, முதல் ஆண்டில் புதுப் புல் பதித்த செலவு, மண் கொட்டிய செலவு ரேட்டுக்குள் அடங்கியிருந்து இப்போது தேவையில்லை என்றால், அதைத் தாமாகவே எடுத்துத் தருவது நல்லது. அப்படித் தரும்போதும் எந்தத் தலைப்பில் குறைகிறது என்று எழுதித் தர வேண்டும்.

ரேட்டில் உறுதியாக நிற்பது

காரணம் சொல்லாமல் நின்றால் பிடிவாதமாகத் தெரியும். கணக்கோடு நின்றால் பல நேரம் வேலை செய்யும். பேச்சு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்.

“வேற வெண்டர் ஒருத்தர் ஒன்று எண்பதுக்குத் தர்றேன்னு சொல்றார்.”

“சரி சார். அவர் எத்தனை ஆள் போட்டிருக்கார்? வாரவிடுப்புக்கு மாற்று ஆள் உண்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் பில்லோட வருமா? இந்த மூணையும் எழுத்துல வாங்கிப் பாருங்க.”

1,80,000-இல் ஆட்செலவு அல்லாத 43,600-ஐக் கழித்தால் 1,36,400 மிஞ்சும். ஆறு ஆளுக்கும் சூப்பர்வைசருக்கும் ஆவது 1,48,400. லாபமே இல்லாமல் செய்தாலும் 12,000 ரூபாய் துண்டு விழும். ஆக அவர் ஐந்து ஆளோ அதற்கும் குறைவாகவோ போடுகிறார், இல்லையென்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டவில்லை. இரண்டாவது என்றால் அது வளாக நிறுவனத்தின் தலைவலியும்கூட: ஒப்பந்தக்காரர் கூலியையோ இ.எஸ்.ஐ.யையோ தராவிட்டால் அந்தப் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவர் மேல் விழும். இந்த விஷயத்தைப் பயமுறுத்தும் தொனியில் சொல்லக் கூடாது. ஒவ்வொரு மாதமும் பில்லோடு வருகைப் பதிவு, சம்பளம் வங்கியில் போட்ட விவரம், சலான் மூன்றையும் இணைத்தே தரும் வழக்கம் உங்களிடம் இருந்தால், சொல்லாமலே புரியும்.

உறுதியாக நிற்பதன் பலவீனம், இலக்கு எண் வேண்டியவரிடம் இது எடுபடாது. அவருக்குக் கணக்கு சரியென்று தெரிந்தாலும் ‘பூஜ்யம் சேமிப்பு’ என்று எழுத முடியாது. ரிவர்ஸ் ஆக்‌ஷன் (குறைந்த விலை கேட்பவருக்கு வேலை தரும் ஏலம்) வைக்கும் நிறுவனங்களில் கணக்கைக் காட்டவே மேடை கிடைக்காது. அங்கே செய்யக்கூடியது, ஏலத்துக்கு முன்பே ஆள் எண்ணிக்கை, குறைந்தபட்சக் கூலி, வெட்டும் சுற்று ஆகியவற்றை டெண்டர் நிபந்தனைக்குள் எழுத வைப்பது. ஏலம் தொடங்கியபின் உங்கள் அடக்கமான 1,92,000-க்கு மேல் நீங்கள் நிற்கும் தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதற்குக் கீழே போகாமலிருக்க வேண்டும். திரையில் எண் ஓடும்போது முடிவெடுக்கக் கூடாது.

வேலையைக் குறைத்து ரேட்டைக் குறைப்பது

பத்து சதவீதம் வரையான கோரிக்கைக்கு இதுதான் முதலில் எடுத்துப் பேச வேண்டிய வழி. நிபந்தனை ஒன்று: சதவீதத்திலிருந்து தொடங்காமல், மணி நேரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வளாகத்தை ஒருமுறை அட்மினோடு சேர்ந்து நடந்து மூன்று பகுதியாகப் பிரிக்கலாம். முன்வாசல், வரவேற்பு, கேன்டீன் எதிர் புல்வெளி முதல் பகுதி; அங்கே எதையும் தொடக் கூடாது. கட்டிடங்களுக்கு நடுவில் உள்ளது இரண்டாவது. பின்பக்கப் பார்க்கிங், டீசல் ஜெனரேட்டர் அறை, சுற்றுச்சுவர் ஓரம் மூன்றாவது. மூன்றாம் பகுதியில் தினம் கூட்டுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினால் 65 மணி நேரம் மிச்சம். அங்கே வாராந்திரக் களையெடுப்பை மாதத்துக்கு இருமுறை ஆக்கினால் 30. வேலிச் செடிகளை மாதம் ஒருமுறைக்குப் பதில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டினால் 40. உள்ளே மேசை ஓரத் தொட்டிகளில் பாதியை எடுத்துவிட்டால் 50. மொத்தம் 185 மணி, 18,130 ரூபாய். கொட்டேஷனில் எட்டு சதவீதத்துக்கு மேல். முன்பக்கம் பார்க்கிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. ஆள் முழு எண்ணாகத்தான் குறைவார். 185 மணி மிச்சம், ஒரு ஆளோ 208 மணி. அவரை முழுதாக எடுத்துவிட்டால் 23 மணி நேர வேலை மாதாமாதம் துண்டு விழும். சோழிங்கநல்லூரில் இந்த வளாகமும் அருகிலேயே இன்னொரு தளமும் உங்களிடம் இருந்தால், அந்த ஆள் மாதத்தில் மூன்று நாள் இங்கே வரட்டும். மற்ற தளம் இல்லையென்றால் மிச்சத்தை 18,000 என்று சொல்லாமல் 15,000 என்று சொல்வதே பாதுகாப்பு.

இன்னொன்று, குறைத்த வேலை மெல்லத் திரும்பி வரும். மூன்றாம் மாதம் ஒரு வி.ஐ.பி. வருகை, “பின்பக்கத்தையும் ஒரு தடவை பண்ணிடுங்களேன்” என்பார்கள். ஒர்க் ஆர்டரின் இணைப்பிலேயே கூடுதல் வேலைக்கு ஆள் நாள் ரேட் போட்டிருக்க வேண்டும். அடக்கம் 785 ரூபாய் வருகிறது. 950 என்று எழுதலாம். வளாக வரைபடத்தில் மூன்று பகுதிக்கும் வண்ணம் பூசி, இருவரும் கையெழுத்திட்டு வைத்தால் வாக்குவாதம் வராது.

எதைக் குறைக்கக் கூடாது என்பதும் முக்கியம். புல் வெட்டும் சுற்று, முன்பகுதிக் களையெடுப்பு, பிளேடு, மருந்து. இவற்றில் மிச்சம் சொற்பம், சேதம் அதிகம். உரத்தைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை: மானிய விலை யூரியா விவசாயிக்கு உரியது. செலவு குறைகிறது என்று அதை அலுவலகப் புல்வெளிக்குத் திருப்புவது தவறு. ரேட் எவ்வளவு இறுகினாலும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நிபந்தனையை மாற்றி வாங்கிக்கொண்டு குறைப்பது

இரண்டு, மூன்று சதவீதம் போதும் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. காரணம், தாமதமாக வரும் பணத்துக்கு ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

மாத பில் வரியோடு 2,53,700. தொண்ணூறு நாளில் பணம் வருகிறது என்றால் எப்போதும் மூன்று பில், 7,61,100 ரூபாய் வெளியே நிற்கும். முப்பது நாளில் வந்தால் ஒரே பில். வித்தியாசம் 5,07,400. ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் கடன் வாங்கிச் சமாளிப்பவருக்கு இது மாதம் 7,600 ரூபாய், கொட்டேஷனில் மூன்றரை சதவீதம். இடையில் வசூலாகாத ஜி.எஸ்.டி.யையும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஆகவே முப்பது நாளில் பணம் என்ற உறுதிக்கு இரண்டரை சதவீதம் தந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

எப்படி எழுதுவது என்பதில்தான் இது நிற்கும் அல்லது விழும். ரேட்டைக் குறைத்து எழுதிவிட்டு “பணத்தைச் சீக்கிரம் தாருங்கள்” என்று தனியாகக் கேட்டால், குறைந்த ரேட் நிலைக்கும், பணம் பழையபடி தொண்ணூறாம் நாள் வரும். ரேட் 2,15,000 என்றே இருக்கட்டும். முப்பது நாளுக்குள் பணம் வந்த பில்லுக்கு மட்டும் இரண்டரை சதவீதம் கழிவு, கிரெடிட் நோட்டாக (பில் தொகையிலிருந்து பின்னர் கழித்துத் தரும் சீட்டாக). தேதி தவறினால் கழிவு இல்லை.

உத்யம் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டமே ஒரு பிடி தருகிறது. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் செய்த திருத்தம் இன்னும் கூர்மையானது: கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, தந்த ஆண்டில்தான் காட்டலாம். இதனால் மார்ச் மாதத்தில் நிறுவனங்களின் கணக்குப் பிரிவே சிறு ஒப்பந்தக்காரரின் நிலுவையைத் தேடுகிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடிப்பது ஒரு ரூபாய்ச் செலவில்லாத வேலை. பலர் அதைக்கூடச் செய்வதில்லை.

நீண்ட ஒப்பந்தத்துக்காகக் குறைப்பதில் எச்சரிக்கை தேவை. “மூணு வருஷம் எழுதிக்கலாம், மூணு சதவீதம் குறைங்க” என்பது கவர்ச்சியானது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் திருத்தப்படுகிறது. ஆட்செலவு ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால் மூன்றாம் ஆண்டில் 1,48,400 என்பது 1,63,600 ஆகும். 23,000 லாபத்தில் 15,200 அங்கேயே கரையும். மூன்று சதவீதத் தள்ளுபடி 6,450-ஐயும் கழித்தால் 1,350 ரூபாய்தான் தேறும். ஆகவே நீண்ட ஒப்பந்தம் என்றால் உயர்வு விதி அதிலேயே இருக்க வேண்டும்: கூலி எத்தனை சதவீதம் உயர்கிறதோ, அதன் 69 சதவீதம் ரேட்டில் ஏறும். கூலி 4 சதவீதம் உயர்ந்தால் ரேட் 2.76 சதவீதம். இப்படிச் சூத்திரமாகவே எழுதிவிட்டால் ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிதாகக் கெஞ்ச வேண்டியதில்லை. இந்த விதியை ஏற்க மறுப்பவரிடம் ஓராண்டு ஒப்பந்தமே மேல்.

தோட்டத்தை மாற்றுவது

பத்துக்கு மேல் போகும் கோரிக்கையை, தரம் கெடாமல், தாங்கக்கூடிய ஒரே வழி இது. ஆனால் இதற்கு வாடிக்கையாளர் முதலில் கொஞ்சம் பணம் போட வேண்டும்.

மணிக் கணக்கில் பெரிய எண் தண்ணீர். கோடையில் புல்லுக்கு நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தால் ஏக்கருக்கு 20,000 லிட்டர், இரண்டு ஏக்கருக்கு 40,000. ஒரு இஞ்சு ஹோஸில் நிமிடத்துக்கு 50 லிட்டர் வந்தால் 800 நிமிடம், பதின்மூன்று மணிக்கு மேல். தினமும் கிட்டத்தட்ட இரண்டு ஆள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாப்-அப் ஸ்பிரிங்க்ளரும் டைமரும் போட்டால் 340 மணி 80-ஆகக் குறையும். 260 மணி மிச்சம். ஒரு ஆளை எடுத்து 20,400-ஐ வாடிக்கையாளருக்கே குறைக்கலாம். மீதி 52 மணியைக் களையெடுப்பில் போட்டால் புல்வெளி முன்பைவிட நன்றாக இருக்கும். அமைக்க ஐந்து லட்சம் ஆகிறது என்று கொண்டாலும் இரண்டு ஆண்டில் திரும்பிவிடும்.

சரியாகச் செய்யாவிட்டால் இதுவும் கெடும். ஐ.டி. வளாகங்களில் பெரும்பாலும் எஸ்.டி.பி. நீர்தான் (சுத்திகரித்த கழிவுநீர்) வருகிறது. டிஸ்க் ஃபில்டர் இல்லாமல் விட்டால் நாஸில் அடைத்து, ஆங்காங்கே காய்ந்த திட்டுகள் விழும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுவது யார் வேலை என்று எழுதியிருக்க வேண்டும். ஆட்கள் நடமாடும் நேரத்தில் அந்த நீர் தெளிக்கக் கூடாது, அதிகாலை 4 முதல் 6 மணிக்குள் டைமரை வைக்க வேண்டும். அடுத்தது மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் வேலையே இல்லை, ஆனால் களையும் வெட்டும் சுற்றும் இரட்டிப்பாகும். முன்பு ஹோஸ் பிடித்த ஆட்கள்தான் அந்தச் சுமையைத் தாங்கினார்கள். ஒரு ஆளை நிரந்தரமாக எடுத்தபின், அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் ஆள் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதை மறந்தால் டிசம்பரில் புல்வெளி கைமீறிப் போகும்.

புல் தேவையே இல்லாத இடங்களும் உண்டு. மரநிழலில் மெக்சிகன் புல் எப்போதும் மெலிந்துதான் கிடக்கும். அங்கே மரத்தூள் மூடாக்கோ நிழல் தாங்கும் செடியோ போடலாம். பார்க்கிங் ஓரம், மின்கம்பி அடி போன்ற இரண்டரை அடி அகலப் பட்டைகளில் மெஷின் திரும்பாது, பிரஷ் கட்டரால்தான் வெட்ட வேண்டும், நேரமும் அதிகம், மொட்டையும் விழும். அங்கே பொடுதலை நன்றாகப் படரும். மிதிபடுவதைத் தாங்கும், தண்ணீர் குறைவாகப் போதும், உயரம் எழும்பாது. பூக்கும்போது தேனீ வரும் என்பதால் நடைபாதையை ஒட்டி வேண்டாம்.

மாற்றச் செலவுக்கு வேறு பட்ஜெட் தலைப்பு, வேறு கையெழுத்து. பர்ச்சேஸ் மேலாளருக்குத் தேவையான சேமிப்பு எண்ணும், அட்மினுக்குத் தேவையான புதுத் தோற்றமும் ஒரே தாளில் வருமானால் அந்தக் கையெழுத்து கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஒப்புதலுக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்பதால் நவம்பரிலேயே தாளைக் கொடுத்துவிட வேண்டும். பிப்ரவரியில் கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.

எந்த வரிசையில் முயல்வது

கேட்பது மூன்று சதவீதத்துக்குள் என்றால் பில் தேதியைப் பேசுங்கள். மூன்றிலிருந்து பத்துக்குள் என்றால் பகுதி பிரித்து வேலையைக் குறையுங்கள், தேவைப்பட்டால் பில் தேதிக் கழிவையும் சேருங்கள். பத்துக்கு மேல் என்றால் இவற்றோடு தண்ணீர் அமைப்பையும் பேசுங்கள். எதுவும் மாறக் கூடாது, எண் மட்டும் குறைய வேண்டும் என்றால் அடக்கத் தாளைக் காட்டி நில்லுங்கள். மேசையில் ஒரே கொட்டேஷனை வைக்காமல் இரண்டாக வைப்பது நல்லது: இன்றைய வேலை இன்றைய ரேட்டில் ஒன்று, பகுதி பிரித்த வேலை குறைந்த ரேட்டில் ஒன்று. பேச்சு ‘எவ்வளவு குறைப்பாய்’ என்பதிலிருந்து ‘எது வேண்டும்’ என்பதற்கு நகரும்.

விலகுவது

கேட்கும் தொகை 1,92,000-க்குக் கீழே, வேலையிலோ நிபந்தனையிலோ மாற்றமில்லை என்றால் அந்த ஒப்பந்தத்தை நடத்த ஒரே வழி ஆட்களின் சட்டப்படியான பணத்தில் கைவைப்பதுதான். வெயிலில் நிற்பவரின் பி.எஃப்.பை விழுங்கி ஒரு தளத்தைத் தக்கவைக்க வேண்டியதில்லை. அங்கே விலகலே சரியான முடிவு. மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்றால் இந்த முடிவை எடுக்கவே முடியாது. ஆகவே எந்த ஒரு தளமும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது முன்கூட்டிய வேலை.

விலகும்போது கோபம் காட்டாமல் முறையாகச் செய்ய வேண்டியவை சில. நோட்டீஸ் காலம் 30 நாளா, 60 நாளா என்று ஒர்க் ஆர்டரில் பார்த்து எழுத்தில் கொடுங்கள். அந்த நாட்களில் ஒரு ஆளையும் குறைக்காதீர்கள், கடைசி பில்லில் பிடித்தம் விழுவது அங்கேதான். ஆட்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர்களில் பலரை அடுத்த ஒப்பந்தக்காரரே எடுத்துக்கொள்வார், வேண்டாம் என்பவர்களுக்கு வேறு தளம் காட்டுங்கள், இருதரப்பிலும் நிலுவைச் சம்பளம், போனஸ், விடுப்புப் பணத்தைக் கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். கேட்டில் பதிவான மெஷின், ஹோஸ், ஸ்ப்ரேயர் பட்டியலைச் சரிபார்த்து கேட் பாஸோடு எடுங்கள். கடைசி நாளில் அட்மினோடு வளாகத்தைச் சுற்றி, மூன்று பகுதியையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்கி, அதன் நகலோடு வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். குறைந்த ரேட்டில் வந்தவர் தாக்குப்பிடிக்காமல் போனால் அந்தப் படங்களும் உங்கள் பழைய மணிக் கணக்கும்தான் அடுத்த கொட்டேஷனுக்கு ஆதாரம்.